கட்டிடத்துக்கும் ஒரு டேட்டா ஃபைல்: 'கோபி' ஷீட் தயாரிப்பது எப்படி?

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கினால் கூடவே ஒரு டிரைவர் சிடி தருவார்கள். உள்ளே என்ன மதர்போர்டு, என்ன சவுண்ட் கார்டு என்பதெல்லாம் அந்த சிடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிடி தொலைந்துவிட்டால் போச்சு! கேபினெட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, சிப்பின் மேல் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டியதுதான்.

நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல, டிரைவர் சிடி இல்லாத கம்ப்யூட்டர்கள்தான். லிஃப்ட் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, சம்ப் மோட்டார் இருக்கிறது. ஆனால் எது எந்த மாடல், எப்போது பொருத்தியது, வாரன்ட்டி எதுவரை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. "அந்த வால்வு எங்க இருக்குன்னு பழைய பிளம்பர் அண்ணனுக்குத்தான் சார் தெரியும்" என்பார் வாட்ச்மேன். அந்த அண்ணன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க உலக அளவில் ஒரு ஃபைல் ஃபார்மட் இருக்கிறது. அதன் பெயர் 'கோபி'. கோபி மஞ்சூரியனுக்கும் கோபிசெட்டிபாளையத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'கன்ஸ்ட்ரக்ஷன் ஆபரேஷன்ஸ் பில்டிங் இன்ஃபர்மேஷன் எக்ஸ்சேஞ்ச்' என்பதன் சுருக்கம் இது. கட்டிடத்தைக் கட்டுபவர், அதைப் பராமரிக்கப் போகிறவரிடம் ஒப்படைக்க வேண்டிய விவரங்களுக்கான ஒழுங்குமுறை. எக்ஸெல் அல்லது லிப்ரே ஆஃபீஸ் கால்க் தெரிந்த எவரும் இதைத் தயாரிக்கலாம். திருமுல்லைவாயலில் நான் குடியிருக்கும் 48 வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு இந்த முறையில்தான் ஃபைல் தயாரித்தேன். அதை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்கிறேன்.

கோபி எப்படி வந்தது?

அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கட்டிடத் துறையில் ஒருவர் தயாரிக்கும் டேட்டாவை இன்னொருவரின் சாஃப்ட்வேரில் பயன்படுத்த முடியாமல் போவதால் 2002-ம் ஆண்டில் மட்டும் 1,580 கோடி டாலர் வீணானது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அதில் ஏறத்தாழ 1,060 கோடி டாலர் இழப்பு யாருக்குத் தெரியுமா? வடிவமைத்தவருக்கோ கட்டியவருக்கோ அல்ல. கட்டிடத்தின் சொந்தக்காரருக்கும் அதை நடத்துபவருக்கும்தான்.

இதற்குத் தீர்வாக அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த பில் ஈஸ்ட் என்பவர் கோபியை உருவாக்கினார். 2007-ல் முதல் வடிவம் வெளியானது. நாசாவும் இந்த முயற்சிக்கு உதவியது. பின்னர் இது அமெரிக்காவின் தேசிய பிம் தரத்தில் சேர்க்கப்பட்டது. 'பிம்' என்பது கட்டிடத்தை முப்பரிமாண மாடலாகக் கம்ப்யூட்டரிலேயே கட்டிப் பார்க்கும் முறை. பிரிட்டன் 2014-ல் பிஎஸ் 1192-4 என்ற எண்ணில் கோபிக்கென்று ஒரு தரத்தை வெளியிட்டது. 2016 ஏப்ரல் முதல், மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களில் பிம் முறை அங்கே கட்டாயமானது. கட்டி முடித்தவர்கள் ஒப்படைக்க வேண்டியவற்றில் கோபி ஃபைலும் ஒன்று.

கோபிக்குப் பின்னால் ஐஎஃப்சி என்ற பெரிய ஃபார்மட் இருக்கிறது. ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரம் அது. சுவர், ஜன்னல், குழாய் என்று கட்டிடத்தின் முழு வடிவத்தையும் ஐஎஃப்சி ஃபைலில் வைக்கலாம். பராமரிப்பவருக்குச் சுவரின் வடிவம் தேவையில்லை, மோட்டாரின் சீரியல் நம்பர்தான் தேவை. அந்தப் பகுதியை மட்டும் பிரித்து அட்டவணையாகக் கொடுப்பதுதான் கோபி.

நமக்கு இது ஏன் தேவை?

இந்தியாவில் 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை 'ரேரா' என்று அறிவீர்கள். அதன் 17-வது பிரிவு, பொதுப் பகுதிகள் உட்பட கட்டிடத்தின் ஆவணங்களையும் வரைபடங்களையும் பில்டர் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 14-வது பிரிவு இன்னும் முக்கியமானது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, சேவைகளிலோ குறை தெரிந்து அதைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாட்களுக்குள் கட்டணம் இன்றிச் சரிசெய்ய வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் ஆவணங்களை எந்த வடிவத்தில் தர வேண்டும் என்று 17-வது பிரிவு சொல்லவில்லை. எங்கள் குடியிருப்புக்கு வந்தது ஓர் அட்டைப்பெட்டி. அதில் ப்ளூபிரின்ட் சுருள்கள், பில் நகல்கள், நான்கைந்து மேனுவல்கள் இருந்தன. ஆவணம் கொடுத்தாயிற்று என்ற கணக்கு முடிந்தது. 'இந்த மாதம் எதற்கெல்லாம் வாரன்ட்டி முடிகிறது?' என்று அந்தப் பெட்டியிடம் கேட்க முடியுமா? கேட்க முடியாவிட்டால், இலவசமாகச் சரிசெய்திருக்க வேண்டிய மோட்டாருக்கு மெயின்டனன்ஸ் பணத்திலிருந்து செலவு செய்வோம்.

மழைக்காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தண்ணீர் ஸ்டில்ட் தளத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், எந்த பேனல் போர்டு எந்த பிளாக்குக்கு மின்சாரம் கொடுக்கிறது, அது தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது உடனே தெரிய வேண்டும். அப்போது பெட்டியைத் திறந்து ப்ளூபிரின்ட்டை விரிக்க முடியாது.

நம் நாட்டின் 2016-ம் ஆண்டு தேசிய கட்டிட விதித்தொகுப்பிலும் 12-வது பாகம் முழுவதும் சொத்து மற்றும் வசதிப் பராமரிப்பு பற்றியதுதான்.

ஃபைலின் உள்ளே என்ன இருக்கிறது?

கோபி டெம்ப்ளேட்டைத் திறந்தால் ஏறத்தாழ 20 ஷீட்கள் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு குடியிருப்புக்கு முதலில் தேவைப்படுபவை இவைதான்:

1. காண்டாக்ட்: விற்றவர், பொருத்தியவர், சர்வீஸ் செய்பவர் பற்றிய விவரங்கள்.
2. ஃபெசிலிட்டி: கட்டிடத்தின் பெயர். ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி.
3. ஃப்ளோர்: தளங்கள். மொட்டை மாடியும் வெளிவளாகமும் இதில் சேரும்.
4. ஸ்பேஸ்: அறைகள், இடங்கள். மோட்டார் ரூம், லிஃப்ட் ரூம், படிக்கட்டு முதலியன.
5. டைப்: பொருளின் மாடல்.
6. காம்பொனென்ட்: அந்த மாடலில் நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு பொருளும்.
7. சிஸ்டம்: சேர்ந்து இயங்கும் பொருட்களின் குழு. குடிநீர், தீயணைப்பு, சிசிடிவி போன்றவை.
8. ஜாப்: எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்ற பட்டியல்.
9. ஸ்பேர்: உதிரி பாகங்கள்.
10. டாக்குமென்ட்: மேனுவல், பில், உரிமம் ஆகியவை எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற குறிப்பு.
11. அட்ரிப்யூட்: மேலே எதிலும் அடங்காத கூடுதல் தகவல்.

இதில் டைப், காம்பொனென்ட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் கோபியில் பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் குடியிருப்பில் படிக்கட்டிலும் வராண்டாவிலும் ஒரே மாடல் எல்இடி விளக்கு 60 இருக்கிறது. கம்பெனி பெயர், மாடல் நம்பர், வாட்ஸ், வாரன்ட்டி எத்தனை மாதம் ஆகியவை 60 விளக்குக்கும் பொது. எனவே அவை டைப் ஷீட்டில் ஒரே ஒரு வரி. எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் தேதியில் பொருத்தியது, சீரியல் நம்பர் என்ன என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். எனவே காம்பொனென்ட் ஷீட்டில் 60 வரி.

ஒவ்வொரு காம்பொனென்ட் வரியிலும் 'டைப் நேம்' என்ற காலமும் 'ஸ்பேஸ்' என்ற காலமும் உண்டு. அவற்றில் நாம் எழுதும் பெயர், டைப் ஷீட்டிலும் ஸ்பேஸ் ஷீட்டிலும் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு ஷீட் இன்னொரு ஷீட்டோடு பேசுவது இந்தப் பெயர்கள் மூலமாகத்தான். ஆக்சஸ் டேட்டாபேஸில் டேபிள்களை ரிலேஷன்ஷிப் போட்டு இணைப்போமே, அதே தத்துவம்தான் இது.

செய்முறை

படி 1: பெயர் வைத்தல். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் பெயர்களை முடிவு செய்யுங்கள். எங்கள் வரைபடத்தில் 'பிளாக் 2' என்று இருந்தது. சுவரில் 'பி பிளாக்' என்று எழுதியிருந்தது. மின்மீட்டர் பலகையில் 'டவர் 2' என்று ஒட்டியிருந்தது. மூன்றும் ஒன்றுதான் என்பது மனிதனுக்குப் புரியும், எக்ஸெலுக்குப் புரியாது. சுவரில் எழுதியிருப்பதையே அதிகாரப்பூர்வப் பெயராக வைத்தோம். தளங்களுக்கும் அப்படியே. ஸ்டில்ட்டுக்கு மேலே இருப்பதை 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்று ஒருவரும் 'கிரவுண்ட் ஃப்ளோர்' என்று இன்னொருவரும் சொல்வார்கள். ஒன்றை முடிவு செய்து லிஃப்ட் பட்டனில் இருப்பதோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். பெயர்களில் காற்புள்ளி வேண்டாம். ஒரே செல்லில் பல பெயர்களைப் பிரித்துக்காட்ட கோபி காற்புள்ளியைத்தான் பயன்படுத்துகிறது.

படி 2: டெம்ப்ளேட்டின் தலைப்பு வரியை மாற்றாதீர்கள். காலங்களின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். வரிசையும் மாறக் கூடாது. பின்னாளில் மாக்ஸிமோ போன்ற பராமரிப்பு சாஃப்ட்வேருக்கு இந்த ஃபைலைக் கொடுத்தால், அது தலைப்புகளைப் பார்த்துத்தான் படிக்கும். 'டிஸ்கிரிப்ஷன்' என்ற காலத்தில் மட்டும் தமிழில் எழுதலாம். யுனிகோடு தமிழிலேயே எழுதுங்கள். பழைய ஃபான்ட்டுகளில் எழுதினால் இன்னொரு கம்ப்யூட்டரில் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். சிஎஸ்வி ஆகச் சேமிக்க நேர்ந்தால், 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸெலில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

படி 3: காண்டாக்ட். கோபியில் ஒருவரை அடையாளம் காட்டுவது அவருடைய இமெயில் முகவரி. காரணம், ஒரே பெயரில் பத்து பேர் இருக்கலாம், ஒரே இமெயிலில் இருக்க முடியாது. சங்கத்தின் செயலாளர் ஆண்டுதோறும் மாறலாம். எனவே அவருடைய சொந்த முகவரியைப் போடாமல், சங்கத்துக்கென்று ஒரு பொது முகவரி உருவாக்கி அதைப் போடுங்கள்.

படி 4: சீரியல் நம்பரை டைப் செய்யும் முன் அந்தக் காலம் முழுவதையும் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் 00457 என்ற எண்ணை எக்ஸெல் 457 ஆக்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். தவறான சீரியல் நம்பரைக் காட்டினால் எந்தக் கம்பெனியும் வாரன்ட்டி தராது.

படி 5: தேதி. 03/04/2025 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? நமக்கு ஏப்ரல், அமெரிக்க செட்டிங் உள்ள கம்ப்யூட்டருக்கு மார்ச். கோபி ஐஎஸ்ஓ 8601 முறையைப் பின்பற்றுகிறது. முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள்: 2025-04-03. இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

படி 6: டிராப்-டவுன். காம்பொனென்ட் ஷீட்டில் டைப் பெயரைக் கையால் டைப் செய்தால் எழுத்துப்பிழை நிச்சயம். எக்ஸெலில் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் 'டேட்டா வேலிடேஷன்' சென்று, 'லிஸ்ட்' என்பதைத் தேர்வு செய்து, சோர்ஸ் என்ற இடத்தில் டைப் ஷீட்டின் பெயர்க் காலத்தைக் காட்டுங்கள். கால்க்கில் இதே வசதி டேட்டா மெனுவில் 'வேலிடிட்டி' என்ற பெயரில் இருக்கிறது. இனி பட்டியலில் இல்லாத பெயரை டைப் செய்தால் ஃபைலே தடுத்துவிடும்.

படி 7: இரட்டைப் பெயர் சோதனை. எக்ஸெலில் ஹோம், கண்டிஷனல் ஃபார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், டூப்ளிகேட் வேல்யூஸ் என்று வரிசையாகக் கிளிக் செய்யுங்கள். ஒரே ஷீட்டின் பெயர்க் காலத்தில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நிறம் மாறிக் காட்டும்.

படி 8: தெரியாததைக் காலியாக விடாதீர்கள். 'என்/ஏ' என்று எழுதுங்கள். காலியாக இருந்தால் மறந்துவிட்டோமா, இல்லையா என்று பிறகு தெரியாது.

படி 9: வாரன்ட்டி கணக்கு. டைப் ஷீட்டில் வாரன்ட்டி எத்தனை மாதம் என்பதும், காம்பொனென்ட் ஷீட்டில் அது தொடங்கிய தேதியும் இருக்கின்றன. கோபி ஷீட்டுகளைத் தொடாமல் தனியாக ஒரு ஷீட் சேர்த்து, வி-லுக்அப் ஃபங்ஷன் மூலம் மாதங்களை எடுத்து, ஈடேட் ஃபங்ஷன் மூலம் தொடக்கத் தேதியோடு கூட்டினால் முடியும் தேதி கிடைக்கும். அதை சார்ட் செய்தால் அடுத்து முடியப் போவது மேலே வந்து நிற்கும். ரேராவின் 5 ஆண்டுக் கணக்குக்கு இன்னொரு காலம் வையுங்கள். கம்பெனி வாரன்ட்டி வேறு, பில்டரின் பொறுப்பு வேறு. இரண்டும் வெவ்வேறு தேதியில் முடிபவை.

படி 10: மழைக்காலத் தகவல்கள். பேனல் போர்டுகள் தரையிலிருந்து இருக்கும் உயரம், கேட் வால்வுகள் எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், மழைநீர் சேகரிப்புக் குழிகளின் மூடி எங்கே இருக்கிறது ஆகியவற்றை அட்ரிப்யூட் ஷீட்டில் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பல குடியிருப்புகளில் குழியின் மேல் பேவர் பிளாக் போட்டு மூடிவிட்டதால் அதைத் தூர்வார ஆளில்லை.

என்ன பயன் கிடைத்தது?

எங்கள் ஃபைலில் காம்பொனென்ட் ஷீட் மட்டும் 340 வரி வந்தது. நானும் எங்கள் எலக்ட்ரீஷியனும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் மாடி மாடியாக ஏறி இறங்கி, பொருளின் மேல் ஒட்டியிருந்த தகட்டை செல்போனில் படம் எடுத்து எழுதினோம். வாரன்ட்டி ஷீட்டை சார்ட் செய்தபோது முதல் வரியில் வந்து நின்றது சம்ப் மோட்டார். இன்னும் 19 நாள்தான் பாக்கி. அந்த மோட்டார் சில வாரங்களாகவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சீரியல் நம்பர், பொருத்திய தேதி, பில்லின் நகல் மூன்றையும் சேர்த்து அனுப்பினோம். பேரிங்கைச் செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். விவரம் கைவசம் இல்லாவிட்டால் அந்த 19 நாளும் தேடுவதிலேயே போயிருக்கும்.

இன்னொரு பயன், ஆள் மாறினாலும் விவரம் மாறாது. புதிய பிளம்பர் வந்தால் 'சிஸ்டம்' ஷீட்டில் குடிநீர் என்ற வரியை ஃபில்டர் செய்து, அதில் வரும் வால்வுகளின் பட்டியலை பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறோம். வால்வுகளின் மேல் அதே பெயரைப் பெயின்ட்டில் எழுதியிருப்பதால் தேட வேண்டிய வேலை இல்லை.

யார் நிரப்ப வேண்டும்?

இதுதான் கோபியின் முக்கியமான பாடம். ஆறு வாரம் நாங்கள் ஏறி இறங்கிச் சேர்த்த விவரம், ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கையில் இருந்ததுதான். தளங்களும் அறைகளும் வரைபடம் போடும்போதே ஆர்க்கிடெக்ட்டுக்குத் தெரியும். மாடல் நம்பர் வாங்கும்போதே கான்ட்ராக்டருக்குத் தெரியும். சீரியல் நம்பர் பொருத்தும் நாளில் பெட்டியின் மேலேயே இருக்கும். தெரிந்தவர், தெரிந்த நேரத்தில், ஒரே ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்பதுதான் கோபியின் விதி. பிறகு தேடி எழுதினால் உழைப்பு பல மடங்கு. சில விவரங்கள் கிடைக்கவே கிடைக்காது. சுவருக்குள் போன குழாயை யார் பார்ப்பது?

பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட டைடல் பார்க் 21 தளங்கள் கொண்டது. அவ்வளவு பெரிய கட்டிடங்களில் இருக்கும் கருவிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணி முடிக்க முடியாது. அங்கெல்லாம் ரெவிட் போன்ற டிசைன் சாஃப்ட்வேரிலிருந்தே கோபி ஃபைலை எடுக்கும் வசதி உண்டு. நம் குடியிருப்புகளுக்கு எக்ஸெலே போதும். ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிதாக வீடு புக் செய்திருப்பவர்கள், பொதுப் பகுதிக் கருவிகளின் விவரத்தை அட்டவணை வடிவில், எக்ஸெல் ஃபைலாகவே தரும்படி இப்போதே பில்டரிடம் கடிதமாகக் கொடுத்து வையுங்கள். சங்கம் அமைந்தபின் ரேராவின் 17-வது பிரிவைச் சொல்லி ஆவணங்களைக் கேட்கும்போது, இந்த ஃபைலும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஃபைலில் சிசிடிவி எங்கெங்கே இருக்கிறது, மெயின் சுவிட்ச் எங்கே என்பதெல்லாம் இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் முழு ஃபைலையும் போட்டுவிடாதீர்கள். செயலாளரிடம் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, சங்கத்தின் பொது இமெயிலில் ஒன்று என மூன்று காப்பி போதும். ஏதாவது ஒரு கருவியை மாற்றினால் அன்றைக்கே அந்த வரியைத் திருத்துங்கள்.

பயிற்சியாக, இந்த மாதம் உங்கள் மோட்டார் ரூமில் இருக்கும் கருவிகளுக்கு மட்டும் ஸ்பேஸ், டைப், காம்பொனென்ட் ஆகிய மூன்று ஷீட்களை நிரப்பிப் பாருங்கள். பத்துப் பதினைந்து வரிதான் வரும். அது சரியாக வந்துவிட்டால், மீதிக் கட்டிடத்துக்கும் இதே வேலைதான்.